துணியைத் தொடும் சாமானுக்குக் காசு கொடு

தங்கச்சி, தைக்கப் பழக வேண்டும் என்று ஆசை வந்ததும் நேரே கடைக்கு ஓடாதே. முதலில் எதைத் தைக்கப் போகிறாய் என்று ஒரு முடிவுக்கு வா. சாறிக்கு ஒரு பிளவுஸா, பிள்ளைக்கு ஒரு பைஜாமாவா, குளிர் ஜக்கெற்றில் பழுதான சிப்பை மாற்றுவதா? மூன்றுக்கும் போக வேண்டிய கடை வேறு, ஊசி வேறு, நூல்கூட வேறு. மொன்றியல் ஒரு காலத்தில் கனடாவின் தையல் பட்டறையாக இருந்த நகரம். சாமான் கிடைக்காது என்ற கவலை இங்கே இல்லை. கண்டதையெல்லாம் வாங்கி அலுமாரியை நிரப்புவதுதான் இங்கே பயப்பட வேண்டிய விஷயம்.

என்னிடம் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. துணியைத் தொடும் சாமானுக்கு நல்ல காசு கொடு. தொடாத சாமானுக்கு மலிவு போதும். ஊசி, நூல், கத்தரிக்கோல், கழுத்துக்கு வைக்கும் ஒட்டுக் கன்வஸ், அயன் எல்லாம் துணியைத் தொடுகிறவை. குண்டூசி போட்டுவைக்கும் டப்பா, நூற்கட்டை அடுக்கும் பெட்டி, மேசை விளக்கு இவை தொடாதவை. இரண்டாவது வகைக்கு டொலராமா தாராளம். முதல் வகைக்கு அந்தப் பக்கமே போகாதே.

ஊசியில் மிச்சம் பிடிக்காதே

தையல் விட்டு விட்டு விழுகிறது, நூல் அறுகிறது, மெல்லிய துணி இழுபடுகிறது என்று மெஷினைத் திருத்தக் கொடுக்கிறவர்கள் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது ஒரு புது ஊசி. எட்டு மணித்தியாலம் அளவுக்குத் தைத்தால் ஊசியை மாற்ற வேண்டும் என்பது தையல்காரர் பொதுவாகச் சொல்லும் கணக்கு. நம்மில் பலர் அது முறியும்வரை காத்திருக்கிறோம்.

வீட்டு மெஷினுக்கு வேண்டியது 130/705 எச் அல்லது 15×1 என்று எழுதியிருக்கும் ஊசி. அதன் தலைப்பகுதி ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். ஷபனெல் பக்கம் உள்ள மொத்தக் கடைகளில் மலிவாகக் கிடைப்பதைக் கண்டு டிபி×1 பெட்டியைத் தூக்கி வராதே. அது தொழிற்சாலை மெஷினின் ஊசி, தலை முழு உருண்டை, உன் மெஷினுக்குப் பொருந்தாது.

பெட்டியில் 80/12 என்று இரண்டு எண் இருக்கும். முதலாவது ஊசியின் தடிப்பு, மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்காக. 80 என்றால் 0.8 மில்லிமீற்றர். இரண்டாவது அதே அளவின் பழைய எண். சாதாரண பருத்திக்கு 80/12. ஜீன்ஸ் துணிக்கு 90/14 அல்லது 100/16. காஞ்சிபுரம் பட்டு பிளவுஸ் தைக்கிறாய் என்றால் 70/10 அளவில் மைக்ரோரெக்ஸ் என்று எழுதியதை வாங்கு. அதன் நுனி மிகவும் கூர், பட்டில் இழை இழுக்காது. ரீசேர்ட் துணி, லெகிங்ஸ் துணி போன்ற இழுபடும் துணிக்கு நுனி உருண்ட ஜேர்சி அல்லது ஸ்ரெச் ஊசி வேண்டும். கூர் ஊசியால் தைத்தால் துணியில் ஓட்டை ஓட்டையாக விழும், தோய்க்கத் தோய்க்கப் பெரிதாகும்.

பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட்டால் எது எது என்று தெரியாமல் போகும் என்ற கவலை எல்லோருக்கும் உண்டு. ஜேர்மன் நிறுவனமான ஷ்மெற்ஸ் தன் ஊசிகளின் தலையில் நிறக் கோடு போட்டுத் தருகிறது: ஜீன்ஸ் நீலம், ஸ்ரெச் மஞ்சள், மைக்ரோரெக்ஸ் ஊதா. ஜப்பானின் ஓர்கன் ஊசியும் அதற்குக் குறைந்ததல்ல. எதை வாங்கினாலும் பெயர் தெரியாத ஐம்பது ஊசிப் பையை மட்டும் வாங்காதே.

நூலும் இப்படித்தான். கட்டையிலிருந்து ஒரு முழம் இழுத்து வெளிச்சத்தில் பிடி. சிலும்பிக்கொண்டு மயிர் மயிராக நின்றால் அது மெஷினுக்குள் பஞ்சைத்தான் கொட்டும். குற்றர்மான், கோட்ஸ், மெட்லர் போன்ற நல்ல பொலியெஸ்டர் நூல் ஒரு கட்டை, மலிவு நூல் பத்துக் கட்டையை விட மேல். ஆச்சி வைத்திருந்த பழைய பருத்தி நூலை ஆசைக்கு வைத்திரு. தைக்க எடுப்பதற்கு முன் இரண்டு கையாலும் பட்டென்று இழுத்துப் பார். லேசாக அறுந்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. பெரிய கூம்பில் வரும் ஓவர்லொக் நூல் மலிவுதான், ஆனால் மெல்லியது. ஓரம் அடிக்க மட்டும் அது.

நிறம் பார்க்கும்போது கட்டையை அப்படியே துணியில் வைத்துப் பார்க்காதே. ஒரு இழையை இழுத்துத் துணிமேல் போட்டுப் பார். சரியான நிறம் இல்லையென்றால் ஒரு சாயல் இருண்டதை எடு, தைத்தபின் அது வெளியே தெரியாது. இதைப் பகல் வெளிச்சத்தில் செய்ய வேண்டும். டிசம்பரில் இங்கே நாலே கால் மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும், அதனால் மாரிக்காலத்தில் நூல் வாங்க மத்தியானத்துக்கு முன் போ.

கத்தரிக்கோலும் சில்லறைச் சாமான்களும்

எட்டு அங்குலத்தில், பிடி வளைந்த துணிக் கத்தரிக்கோல் ஒன்று போதும். பிடி வளைந்திருந்தால் துணி மேசையில் கிடந்தபடியே வெட்டலாம், தூக்கத் தேவையில்லை. கடதாசிக்கு வேறு கத்தரிக்கோல் வை. பிடியில் ஒரு சிவப்பு நாடா கட்டி, இது துணிக்கு மட்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வை. வளைவில்லாத நீளத் துண்டுகள் நிறைய வெட்டுகிறாய் என்றால் 45 மில்லிமீற்றர் உருளைக் கத்தியும் அதற்கான பாயும் பிறகு வாங்கலாம். பிளவுஸ் மட்டும் தைக்கிறவளுக்கு அது அவசியமில்லை. அக்குளை வெட்டக் கத்தரிக்கோல்தான் வசதி.

அடையாளம் போடும் விஷயத்தில் இந்த ஊருக்கென்றே ஒரு எச்சரிக்கை இருக்கிறது. அயன் பண்ணினால் மறையும் ஃப்ரிக்ஸியன் பேனாவை இப்போது எல்லோரும் துணியில் பாவிக்கிறார்கள். அந்த மை 60 பாகை செல்சியஸ் சூட்டில் நிறம் இழக்கிறது, அழிவதில்லை. கடும் குளிர் பட்டால் திரும்ப வரும். மறை 10 பாகையில் தொடங்கி மறை 20க்குள் நன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இது பிரச்சினையே இல்லை. மொன்றியலில் ஜனவரி மாதம் பஸ்ஸுக்கு நிற்கும்போது உன் கோட்டின் முன்பக்கத்தில் நீ போட்ட கோடெல்லாம் தெரிந்தால் எப்படி இருக்கும்! தையல் ஓரத்துக்குள் மட்டும் பாவி, அல்லது பழைய முறையில் சோக்குக் கட்டியோ தேய்ந்துபோன சவர்க்காரத் துண்டோ எடு. சவர்க்காரம் இருண்ட துணியில் துல்லியமாகக் கோடு போடும், தோய்த்தால் போகும், செலவும் இல்லை.

மற்ற கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தையல் பிரிக்கும் சின்னக் கத்தி கட்டாயம் வேண்டும், அதுவும் மொட்டையாகும் என்பதை மறக்காதே. மறைசிப் பாதம் வேண்டும், மெஷினோடு வராவிட்டால் தனியே வாங்கு. பட்டு, வழுக்கும் சற்றின் போன்றவற்றுக்குக் குண்டூசியை விடத் துணிக் கிளிப் நல்லது. ஒட்டுக் கன்வஸைப் பொதியாக வாங்காமல் மீற்றர் கணக்கில் வெட்டி வாங்கு, விலை பாதிதான் வரும். முப்பது நாற்பது பாதம் அடங்கிய பெட்டி, கையில் பிடித்துத் தைக்கும் ஸ்ரேப்ளர் போன்ற குட்டி மெஷின், நூறு சாமான் அடங்கிய ஆரம்பப் பெட்டி மூன்றுமே வீண். அந்தப் பெட்டியில் இருக்கும் கத்தரிக்கோல் பாணும் வெட்டாது.

எங்கே போவது

சென்-ஊபேர் தெருவில் இருந்து தொடங்கு. பெல்ஷாஸிலிருந்து ஜோன்-தலோன் வரை நடைபாதைக்கு மேல் கூரை போட்டிருக்கிறார்கள். 1984 இல் முதலில் போட்ட கூரையைக் கழற்றிவிட்டு, 2018 இல் தொடங்கிய பெரிய திருத்த வேலையின்போது புதிதாகப் போட்டது இது. மழையிலும் பனியிலும் நனையாமல் கடை கடையாக ஏறி இறங்கலாம். செம்மஞ்சள் மெற்றோவில் போபியானில் இறங்கி ஜோன்-தலோன்வரை நடந்தால் கல்யாண உடுப்புக் கடைகள், லேஸ், தெறி, மணி, துணி எல்லாம் கண்ணில் படும். ஜோன்-தலோனைத் தாண்டி வடக்கே போனாலும் பெரிய துணிக்கடைகள் உண்டு. முதல் நாள் சும்மா பார்க்கப் போ. கையில் தாளும் பேனாவும் எடுத்துப் போய் விலையைக் குறித்துக்கொள்; ஒரே சாயல் துணிக்கு அடுத்தடுத்த கடைகளில் வேறு வேறு விலை இருக்கும்.

ஷபனெல் தெரு வேறு உலகம். பெரிய பெரிய கட்டடங்கள், ஒவ்வொரு மாடியிலும் ஒரு காலத்தில் தையல் தொழிற்சாலை. ஊரில் சண்டை தொடங்கி நம்மவர்கள் இந்த நகரத்துக்கு வந்த காலத்தில் அக்காமார், மாமிமார் பலர் தைத்த துண்டுக்குக் கூலி என்ற கணக்கில் மொன்றியலின் பட்டறைகளில் வேலை செய்தார்கள். 2005 ஜனவரி முதலாம் திகதி உலக நாடுகளின் துணி இறக்குமதிக் கட்டுப்பாடு நீங்கியது. ஏற்கனவே இளைத்துக்கொண்டிருந்த தொழிலில் பெரும்பகுதி ஆசியாவுக்குப் போய்விட்டது. ஆனாலும் துணி மொத்த வியாபாரிகள் முழுதாகப் போகவில்லை. அவர்களிடம் கம்பனிகள் மிச்சம் வைத்த துணிச் சுருள்கள் இருக்கும்: கோட்டுக்கான கம்பளி, நல்ல லைனிங், ஜீன்ஸ். சிலர் சில்லறைக்கும் கொடுப்பார்கள், சிலர் முழுச் சுருள்தான் என்பார்கள். கேட்டுவிட்டு உள்ளே போ. சுருளில் நார் விபரம் ஒட்டியிருக்கிறதா என்று பார். இல்லாவிட்டால் ஓரத்தில் இரண்டு நூல் கேட்டு வாங்கி, வெளியே வந்து நெருப்புக்குச்சியில் பிடித்துப் பார். பருத்தி கடதாசிபோல எரிந்து சாம்பலாகும், கம்பளியும் பட்டும் மயிர் கருகும் மணம் தரும், பொலியெஸ்டர் உருகிக் கட்டியாகும்.

பார்க் எக்ஸ்ரென்ஷனில் ஜோன்-தலோன் மேற்குப் பக்கம் நம்முடைய சாமான்களுக்கு. சாறி ஃபோல், பிளவுஸ் கொக்கி, உள்பாவாடைக்கு நாடா, சரிகை போடர் இவற்றை ஃபாப்ரிக்வில், கிளப் டிஸ்யூ போன்ற பெரிய கடைகளில் தேடி நேரத்தை வீணாக்காதே. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு ஃபோல் என்றால் என்னவென்று விளங்காது. பருத்தி ஃபோலைத் தைக்குமுன் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டு அயன் பண்ணு. அப்படிச் செய்யாமல் தைத்தால் முதல் தோய்ப்பில் அது சுருங்கி, சாறியின் அடி முழுக்கச் சுருக்கம் விழும்.

பெரிய கடைகளுக்கு வேறு உபயோகம் இருக்கிறது: நூல், ஊசி, சிப், பற்றன் ஒரே இடத்தில் கிடைக்கும், மலிவு விற்பனையும் அடிக்கடி வரும். எந்தப் பெரிய கடையிலும் பற்றன் உறையில் அச்சடித்த முழு விலையைக் கொடுக்காதே, பொறுத்திரு.

விலைச்சீட்டில் இருப்பது வரி சேராத விலை. கியூபெக்கில் மத்திய வரி 5 வீதமும் மாகாண வரி 9.975 வீதமும் சேர்ந்து ஏறத்தாழ 15 வீதம் மேலே வரும். துணியை வெட்டிவிட்டால் திருப்பி எடுக்கமாட்டார்கள். பழுதில்லாத சாமானைத் திருப்பி எடுக்கும்படி கியூபெக் சட்டம் கடையைக் கட்டாயப்படுத்துவதும் இல்லை, அது அந்தந்தக் கடையின் விருப்பம். 'வான்த் ஃபினால்' என்று எழுதியிருந்தால் வாங்கியது வாங்கியதுதான். 'கூப்போன்' என்ற பலகையைப் பார்த்துக் கழிவுச் சீட்டு என்று நினைத்துவிடாதே, அது சுருளின் கடைசித் துண்டுகள் கிடக்கும் கூடை. பிளவுஸுக்கு அந்தக் கூடைதான் முதலில் பார்க்க வேண்டிய இடம்: 112 சென்ரிமீற்றர் அகலத் துணியில் ஒரு மீற்றர் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். அகலம் 150 என்றால் இன்னும் குறையும். பருத்தியும் விஸ்கோசும் சுருங்கும், ஆகவே அளவுக்கு மேல் ஒரு சாண் கூட வாங்கி, தோய்த்த பிறகு வெட்டு. இங்கே நாம் உடுப்பை ட்ரையரில் போடுகிறோம் என்பதால், துணியையும் முதலே ட்ரையரில் போட்டு எடு.

பற்றன்

பிளவுஸுக்கு பற்றன் வாங்கத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். ஊரில் தையல்காரரிடம் கொடுத்துவிடும் அளவுச் சட்டைதான் நமக்குப் பற்றன். நன்றாகப் பொருந்திய பழைய பிளவுஸ் ஒன்றைத் தையல் பிரித்து, பழுப்புக் கடதாசியில் வைத்து வரைந்துகொள். வெள்ளைக்காரர் பற்றனில் சாறிக்குக் கீழ் உடுத்தும் அளவு இறுக்கம் வராது.

கவுண், ஜீன்ஸ், பைஜாமா என்றால் வாங்கு. உறையில் உள்ள எண்ணைக் கடை உடுப்பின் எண்ணாக நினைக்காதே. மக்கோல்ஸ், பட்டரிக், சிம்ப்ளிசிற்றி போன்றவற்றில் மார்பு 36 அங்குலம், இடுப்பு 28 உள்ளவளின் அளவு 14. அதே பெண் கடையில் 8 உடுத்துவாள். உறையின் பின்பக்க அட்டவணையில் உன் உடம்பு அளவைப் பார்த்துத் தெரிவு செய். பிறகு, தைத்து முடிந்த உடுப்பின் அளவு உறையிலோ தாளிலோ அச்சடித்திருக்கும், அதையும் பார். அவர்கள் தளர்வுக்கு நிறைய இடம் விடுகிறார்கள், நமக்கு ஒரு அளவு சின்னதே சரியாக வருவதுண்டு.

அடுத்தது தையலுக்கு விடும் ஓரம். இதைப் பார்க்காமல் வெட்டித்தான் பலருடைய முதல் உடுப்பு குப்பைக்குப் போகிறது. அமெரிக்கப் பெரிய கம்பனிகள் ஒன்றரை சென்ரிமீற்றர் விடுகின்றன. பூர்டா சஞ்சிகையின் பற்றனில் ஓரமே கிடையாது, நீதான் சேர்க்க வேண்டும். கியூபெக்கின் ஜாலி 6 மில்லிமீற்றர்தான் விடுகிறது. இந்த ஜாலி 1983 இல் ஜான் பினே என்ற பெண் தொடங்கியது. சின்னப் பிள்ளை முதல் பெரிய உடம்புவரை இருபதுக்கு மேற்பட்ட அளவுகளை ஒரே பற்றனில் தருகிறார்கள். ஒன்றை வாங்கினால் மகளுக்கும் தாய்க்கும் தைக்கலாம். நீச்சல் உடுப்பு, லெகிங்ஸ், பனிச்சறுக்கு உடுப்பு என்றால் நான் முதலில் கைகாட்டுவது அவர்களைத்தான். மொன்றியலிலேயே ஹெதர் லூ நடத்தும் க்ளொசெற் கோர் இருக்கிறது. அவர்களின் ஜிஞ்சர் ஜீன்ஸ் பற்றன் பேர்போனது, விளக்கமும் நிதானமாக எழுதியிருப்பார்கள். விலை கூட, ஆனால் முதல் ஜீன்ஸ் தைக்கிறவளுக்கு அந்த விளக்கம்தான் ஆசிரியர்.

அமெரிக்காவிலிருந்து கடதாசிப் பற்றன் வரவழைத்தால் தபால் செலவோடு, கூரியர்காரர் சுங்கத் தரகுக் கட்டணமும் கேட்பார். பிடிஎஃப் வாங்குவதே மேல். ஐரோப்பியப் பற்றன்கள் ஏ4 தாளுக்குச் செய்தவை. கனடாவில் நாம் பாவிப்பது லெற்றர் அளவுத் தாள். அச்சடிக்கும்போது 'தாளுக்குப் பொருத்து' என்பதைத் தவிர்த்து 100 வீதம் என்று கொடு, முதல் பக்கத்தை மட்டும் எடுத்து அதிலுள்ள சோதனைச் சதுரத்தை ரேப்பால் அளந்து பார். சதுரம் பிழைத்தால் சட்டை பிழைக்கும். வாங்குவதற்கு முன் பெரி-யூகாம் மெற்றோவுக்குப் பக்கத்தில் உள்ள க்ரோந் பிப்லியோதெக்கிலும் பார். கியூபெக்கில் வசிப்பவர்களுக்கு அட்டை இலவசம், தையல் புத்தகங்களில் பல பற்றன் தாளோடே வரும்.

மெஷின்

புது மெஷினுக்கு அவசரப்படாதே. கியூபெக்கில் வீட்டு ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை ஜூன் 30 இல் முடிகின்றன. ஜூலை முதலாம் திகதி ஊரே வீடு மாறும். அதற்கு முந்தின இரண்டு கிழமையும் பழைய தையல் மெஷின்கள் மலிவாகவும் இலவசமாகவும் வெளியே வரும். ரெனசான்ஸ், வில்லாஜ் தே வலர் போன்ற பழைய சாமான் கடைகளிலும் ஆண்டு முழுக்கப் பார்க்கலாம். இரும்பில் செய்த பழைய சிங்கரைக் கண்டால் தொடர் எண்ணைப் பார். 'ஜே' எழுத்தில் தொடங்கினால் அது மொன்றியலுக்குத் தென்கிழக்கே உள்ள சென்-ஜோன்-சூர்-ரிஷ்லியூவில் செய்தது. அந்தத் தொழிற்சாலை 1986 இல் மூடப்பட்டது, மெஷின்கள் இன்னும் தைக்கின்றன. பல மாதிரிகள் நேர்த் தையல் மட்டுமே போடும். பிளவுஸுக்கும் ஜீன்ஸுக்கும் அது போதும்.

பார்க்கப் போகும்போது இரண்டு மடிப்புத் துணித் துண்டும் நல்ல நூலும் புது ஊசியும் உன்னோடு கொண்டு போ. சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார், இறுகியிருந்தால் காய்ந்த எண்ணெயாக இருக்கலாம், அது தீரும். வயரின் ரப்பர் வெடித்திருந்தால் சுவரில் செருகாதே, திருத்துகிறவரிடம் கொடுத்தபின் பார்க்கலாம். தெருவில் கிடக்கும் மெஷினை எடுக்கலாம். அதோடு வரும் மரப்பெட்டி, துணி, பஞ்சு வைத்த கதிரை எதையும் வீட்டுக்குள் கொண்டு வராதே. இந்த நகரத்தில் மூட்டைப்பூச்சி அப்படித்தான் வீடு வீடாகப் போகிறது. பழைய கடையில் வாங்கிய துணியையும் வாசலிலேயே பையிலிருந்து நேரே சூடான ட்ரையருக்குள் போடு.

புதிது வாங்கினால், மேலதிகக் காசுக்கு நீடித்த உத்தரவாதம் விற்கப் பார்ப்பார்கள். கியூபெக்கின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விலைக்கும் பாவனைக்கும் ஏற்ற நியாயமான காலம் பொருள் உழைக்க வேண்டும் என்ற உத்தரவாதம் உனக்கு ஏற்கனவே இலவசமாக உண்டு. அதை விளக்கிச் சொன்ன பிறகுதான் கடைக்காரர் மற்றதை விற்கலாம். சொல்லாவிட்டால் நீயே கேள்.

கடைசியாக, ஊரிலிருந்து வரும் அம்மாவிடம் மோட்டார் பூட்டிய மெஷின் கொண்டுவரச் சொல்லாதே. அங்கே மின்சாரம் 230 வோல்ற், இங்கே 120. மாற்றியும் பாரமும் சேர்த்துப் பார்த்தால் இங்கே வாங்குவதே மலிவு. புறக்கோட்டையில் சாறி ஃபோல் ஒரு டசினும், கொக்கி நாலு பக்கெற்றும், பிளவுஸ் லைனிங்குக்கு நல்ல பருத்தியும் வாங்கி வரச் சொல்.